கண்ணாடியை ஏன் கழற்றினார்?

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. மூக்கோரத்தில் ஒரு புண், மூன்று வருஷமாக ஆறுவதும் மறுபடி கசிவதுமாக இருந்தது. பயாப்ஸியில் பேசல் செல் தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. இதயக் கோளாறும் இருப்பதால் ஆபரேஷன் வேண்டாம், 15 சிட்டிங் ரேடியேஷன் என்கிறார்கள். இந்த வயதில் தேவையா? குழந்தைகளைக் கிட்டே விடலாமா? அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வருஷமாகக் கண்ணாடி போடுவதில்லை, பேப்பரையும் விட்டுவிட்டார். வயதாகிவிட்டது, எதிலும் நாட்டமில்லை.

பதில்: நாட்டமில்லை என்று அவர் சொன்னாரா, நீங்களே முடிவு கட்டினீர்களா?

கண்ணாடி எங்கே அழுத்தும்? அந்தப் புண் மேல்தானே! மாட்டும்போதெல்லாம் பொருக்குப் பெயர்ந்து ரத்தம் கசிந்திருக்கும். துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மடித்து வைத்துவிட்டார். ஒரே வீட்டில் ஒரு வருஷம். "ஏம்ப்பா போடலை?" என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பெற்றவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குக்கூடவா நேரமில்லை?

வயதைக் காட்டித் தட்டிக்கழிக்காதீர்கள். தோல் புற்றுக்கு ரேடியேஷன் எடுக்க வருபவர்களில் அதிகம் பேர் முதியவர்கள்தான். மூக்கு, இமை, காது என்று வெட்டினால் முகமே மாறிப்போகும் இடத்தில் கட்டி இருக்கும். இல்லையென்றால் இதயம் ஆபரேஷனைத் தாங்காது. வயது குறைந்தவர்களுக்குத்தான் டாக்டர்கள் தயங்குவார்கள், பல வருஷம் கழித்து அதே இடத்தில் வேறு புற்று வரக்கூடும் என்பதால். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் சும்மா விட்டால் குருத்தெலும்பு வரை அரிக்கும்.

ஒரு தடவைக்குச் சில நிமிஷம், வலிக்காது. கடைசி நாட்களில் சிவந்து பொருக்குத் தட்டும். முடிந்து ஓரிரு வாரம் அது இன்னும் மோசமாகத் தெரியும், பயப்படாதீர்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் உட்காரட்டும்.

ஆனால் சொல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். கண்ணுக்கு ஈயத் தகடு வைத்து, அசையாமல் படுக்கச் சொல்வார்கள். எதற்கென்றே தெரியாத மனிதர் எப்படிப் படுப்பார்? மூக்கு அவருடையது, முடிவும் அவருடையது. 15 நாளும் பிள்ளைகளில் ஒருவர் கூடப் போங்கள். டிரைவரோடு அனுப்பிவிட்டு ஆபீஸிலிருந்து போன் போடுகிற வேலை வேண்டாம்.

கண்ணாடியை எப்போது மாட்டலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை தினமும் பேப்பரைப் படித்துக் காட்டுங்கள், தலைப்பை மட்டுமல்ல, அவர் கேட்கிற பக்கத்தை.