கணினி கேள்வி-பதில்: மூலப் பத்திரத்தை விட்டுவிட்டுக் குடிபெயரலாமா?

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழு உருவாக்கிவரும் கட்டற்ற தமிழ் அகராதி மென்பொருளின் நிரல் 2005 முதல் சப்வெர்ஷனில் (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு சர்வரில் பதிந்துவைக்கும் கருவி) இருக்கிறது. அதை இதே வேலையைச் செய்யும் கிட் (Git) என்ற கருவிக்கு மாற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு இரவுகள் முயன்றுவிட்டேன்; ‘ராஜன்’ என்பவர் நான் கொடுத்த ஆசிரியர் (நிரலை எழுதியவர்கள்) பட்டியலில் இல்லை என்று சொல்லி மாற்றும் கருவி பாதியில் நின்றுவிடுகிறது. இன்றைய கோப்புகளை மட்டும் புதிய ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) ஏற்றினால் போதும், லினக்ஸையே அப்படித்தான் மாற்றினார்கள் என்கிறார் என் நண்பர். அப்படிச் செய்யலாமா ஐயா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் உண்மை. 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமை மென்பொருளில் பராமரிக்கப்பட்டுவந்த லினக்ஸ் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி), பிட்கீப்பரின் இலவசப் பயன்பாடு 2005இல் நின்றுபோனதால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் கிட்டைத் தாமே எழுதத் தொடங்கினார். எழுதத் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத அந்தக் கருவியில், ஏப்ரல் 16 அன்று, பழைய வரலாறு இல்லாமல் கெர்னலை ஏற்றினார். முழு வரலாறும் 3.2 ஜிபி வரும் என்பதையும், அதைக் கையாளும் வசதிகள் அப்போது கிட்டுக்குப் போதவில்லை என்பதையும் அந்த முதல் கமிட்டின் (மாற்றப் பதிவின்) குறிப்பிலேயே எழுதிவைத்தார். விட்டுப்போன வரலாற்றைப் பின்னர் மற்றவர்கள் தனி ரெப்போவாக உருவாக்கினார்கள். அன்று அவருக்கு இருந்த நெருக்கடி இன்று உங்களுக்கு இல்லை. பெர்ல் நிரல்மொழிக் குழுவினர் 2008இல் கிட்டுக்கு வந்தபோது 1987ஆம் ஆண்டின் முதல் வெளியீடு வரைக்குமான வரலாற்றைக் கொண்டுவந்தார்கள். ஜிசிசி என்ற கம்பைலர் திட்டம் 2020இல்தான் மாறியது, அதுவும் பல பத்தாண்டுப் பதிவுகளோடு.

புதுச்சேரியில் வீடு வாங்குபவர்கள், பிரெஞ்சில் எழுதிய தாத்தா காலத்துப் பத்திரமாக இருந்தாலும், மொழிபெயர்க்க ஆள் தேடிப் பிடித்தாவது மூலப் பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. கட்டற்ற மென்பொருளில் அந்த இடத்தில் இருப்பது கமிட் வரலாறு. பொதுவாக ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவரே உரிமையாளர் என்பதால், நாளை உரிமத்தை மாற்ற நேர்ந்தால் யார் யாரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்பதை வரலாறுதான் காட்டும். அகர வரிசைப்படுத்தும் நிரலில் ‘க்ஷ’ என்ற எழுத்துக்கென்று யாரோ சேர்த்த விசித்திரமான ஒரு நிபந்தனை இருக்கலாம். அது எந்தப் பிழையைத் தீர்க்க வந்தது என்பதைச் சொல்லும் ஒற்றை வரிக் குறிப்பும் அங்கேதான் கிடக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் அப்படிப்பட்ட நிபந்தனையை நீக்கியவர்களில் நானும் ஒருவன். மறு வாரமே திரும்பச் சேர்த்தேன்.

இனி ‘ராஜன்’ சிக்கலுக்கு வருவோம். சப்வெர்ஷன் பொதுவாகப் புகுபதிகைப் பெயரை மட்டுமே குறித்துவைக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். சப்வெர்ஷனின் லாக் (மாற்றங்களின் பதிவேடு) முழுவதிலிருந்தும் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரியவரின் முழுப் பெயரையும் முகவரியையும் எழுதிய பின்னரே கருவியை மீண்டும் ஓட்டுங்கள். விலகிப்போன பழைய ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும். உண்மையில் இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொய் முகவரி போட்டுவிடாதீர்கள். கிட்டில் ஒரு கமிட்டின் அடையாளக் குறி, ஆசிரியர் பெயரையும் முந்தைய கமிட்டின் குறியையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், பழைய கமிட் ஒன்றில் பெயரைத் திருத்தினாலும் அதன் வழியில் பின்னால் வந்த அத்தனை குறிகளும் மாறிவிடும்.

2005ஐ ஒட்டிய கமிட் குறிப்புகளில் சில திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சிடப்பட்டு, இப்போது ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியக்கூடும். அவற்றை எழுத்துக்கு எழுத்து மாற்றினால் சரியாகாது. ‘கொடி’ என்ற சொல்லின் முதலெழுத்தைத் திஸ்கி கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். யூனிகோடிலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் வரும். இந்த வரிசை மாற்றத்தை அறிந்த மாற்றியைக் கொண்டு குறிப்புகளை மட்டும் திருத்துங்கள். பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டு, ஒரு நாளைக் குறித்துச் சப்வெர்ஷனைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு மாற்றியபின் இறுதி மாற்றத்தைச் செய்யுங்கள். பழைய ரெப்போவை அழிக்காதீர்கள்.

கேள்வி: நாங்களும் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறுகிறோம். எங்கள் பிழைப் பட்டியலில் “2210ஆம் திருத்தத்தில் சரிசெய்யப்பட்டது” என்பது போன்ற குறிப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கிட்டில் வரிசை எண்ணே கிடையாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: கிட்டில் இருப்பது பொதுவாக 40 இலக்கக் குறிதான். ஆனால் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன் கருவி ஒவ்வொரு கமிட் குறிப்பின் கடைசியிலும் பழைய திருத்த எண்ணைத் தானாகவே எழுதிவிடும். குறிப்பு அழகாக இருக்க வேண்டும் என்று அதை நிறுத்திவைக்கும் விருப்பத் தேர்வைப் பலர் போடுகிறார்கள்; நீங்கள் போடாதீர்கள். எல்எல்விஎம், ஜிசிசி ஆகிய கம்பைலர் திட்டங்களின் பழைய கமிட்களில் சப்வெர்ஷன் எண் இன்றும் ஒரு வரியாக நிற்கிறது. லாகில் 2210 என்று தேடினால் உங்களுக்கும் கிடைத்துவிடும்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சப்வெர்ஷனை ஏன் மாற்ற வேண்டும்?
– ஒரு வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் குழுவின் சப்வெர்ஷன் சர்வர் முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவரின் மாடி அறையில் இருந்தது. மின்சாரம் திரும்பிய பிறகும் அதன் வட்டு சுழலவில்லை. எங்கள் மடிக்கணினிகளில் கடைசியாக இறக்கிய கோப்புகள் இருந்தனவே தவிர, வரலாறு ஒருவரிடமும் இல்லை. கிட்டில் முழுமையாகக் குளோன் செய்த (நகலெடுத்த) ஒவ்வொருவரிடமும் அது இருந்திருக்கும். செப்டம்பரில் எடுத்த ஒரு காப்புப் பிரதி பழைய டிவிடியில் அகப்பட்டது. அதற்குப் பின் செய்த மூன்று மாத வேலைக்கு, “புயலுக்கு முந்தையவை” என்ற தலைப்பில் ஒரே ஒரு கமிட்தான் எங்களிடம் இருக்கிறது.