மாற்றியது பிரேக், பழுது பெயாரிங்கில்: கராஜிடம் பணம் கேட்கலாமா?

தலவாக்கலை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். காரின் முன்பக்கத்தில் ஊளைச் சத்தம். பிரேக் பழுது என்று கராஜில் பேடும் டிஸ்க்கும் மாற்றி 58,000 ரூபா வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னொரு பாஸ் (மெக்கானிக்) பார்த்துவிட்டு, இடது முன் வீல் பெயாரிங், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பாகம், போய்விட்டது என்கிறார். முதல் கராஜ் பணம் தர மறுக்கிறது. வேலை முடிந்து இரண்டு மாதம். கையில் இருப்பது தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு.

வழக்கு இருக்கட்டும், முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். பெயாரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த மிதியில் பிரேக் கீழே போகும். கினிகத்தேனை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தருவேன் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் கராஜ்காரருக்கு உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர் கணிப்பு பிழைத்தது என்பது மட்டும் போதாது. சாதாரண பாஸ் ஒருவர் பார்த்திருக்க வேண்டியதை இவர் பார்க்கவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. வேகம் கூடக்கூடச் சத்தம் கூடுகிறது, வலப்பக்க வளைவில் இன்னும் ஏறுகிறது, பிரேக் மிதித்தால் மாறவில்லை என்கிறீர்கள். வலது வளைவில் பாரம் இடது சக்கரத்தில் விழும், அதனால் சந்தேகம் இடது பெயாரிங் மேல்தான் போக வேண்டும். பிரேக் சத்தமென்றால் பெரும்பாலும் மிதிக்கும்போது மாறும். ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, கையால் சுழற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். "பிரேக்கை மாத்துங்க" என்று நீங்களே கேட்டிருந்தாலோ, பழைய பேட் உண்மையிலேயே தேய்ந்திருந்தாலோ முழுத் தொகையும் கிடைப்பது கஷ்டம். அதனால் பழைய பேடையும் டிஸ்க்கையும் இன்றே கேளுங்கள்.

பெயாரிங்கைக் கழற்றும் முன் சக்கரம் ஆடுவதை வீடியோ எடுங்கள். இரண்டாவது பாஸ் கண்டதை அவரையே எழுதச் சொல்லி, திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். முதல் கராஜுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, விவரமான பற்றுச்சீட்டும் பணமும் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை.

அதிகாரசபைக்கு முறைப்பாடு, சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு மிச்சம் ஒரு மாதம்தான். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம், ஆனால் அழைப்பை நம்பி எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

நீதிமன்றம் போவதென்றால், இந்த அளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை. இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் வழக்கை ஏற்கமாட்டார்கள். அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும். கழற்றிய பெயாரிங்கை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கையில் வைத்துச் சுழற்றினால் அது கரகரப்பது சபையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.