4294967297 பகா எண்ணா?

கேள்வி: 4294967297 என்ற எண்ணை 3, 7, 11, 13 என்று 200 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தேன், ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. கணினியில் 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை (அடிமானத்தை, எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுப்பது; பகா எண் என்றால் மீதி 1 வரும்) செய்தால் மீதி 1 வருகிறது. பகா எண் என்று முடிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம், அது பகு எண். 641 × 6700417 = 4294967297.

200-உடன் நிறுத்தியது போதாது. வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரை 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டியிருக்கும். ஆனால் இது 2³² + 1; அடுக்கான 32-உம் 2-இன் அடுக்கு (2⁵). இந்த வகை எண்ணுக்கு நல்ல குறுக்குவழி உண்டு. இவையெல்லாம் பகா எண்கள் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் 641-ஐக் காட்டி அதை உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பது அவர் கண்டது. பின்னாளில் லூக்காஸ் அதை 128-இன் மடங்காக இறுக்கினார். அப்படியானால் பட்டியல் 129, 257, 385, 513, 641 என்று போகும். 129, 385, 513 பகு எண்கள். 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்ததே 641!

கையால் வகுக்கும்போது ஈவில் 6, 7-க்குப் பிறகு இரண்டு பூஜ்யங்கள் வரும். அவற்றை விட்டால் 67417 என்று தப்பான விடை கிடைக்கும். வகுக்காமலும் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1; ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுக்க மீதி −1 (641-இன் மடங்குக்கு 1 குறைவு என்று பொருள்). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. அதே 641 தான் 5⁴ + 2⁴. எனவே 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

6700417 பகா எண்ணே. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதன் காரணிகள் முதல் எண்ணுக்கும் காரணிகள் என்பதால் 128-விதி இதற்கும் செல்லும். அதற்குள் அந்த விதிக்குப் பொருந்தும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622.

உங்கள் சோதனை ஏமாற்றியதற்குக் காரணம், அடிமானம் 2 என்பதுதான். 4294967297-ஆல் வகுத்தால் 2³²-இன் மீதி −1, 2⁶⁴-இன் மீதி 1. சோதனையில் வரும் அடுக்கு 2³², அதுவே 64-இன் மடங்கு. விடை 1 ஆகாமல் வேறென்ன ஆகும்? 3-ஐ வைத்து, ஒவ்வொரு முறையும் மீதி எடுத்துக்கொண்டே 32 முறை வர்க்கப்படுத்துங்கள். 3029026160 வரும், 1 அல்ல, பகு எண் என்பது உறுதி.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று: 32 பிட் மாறியில் இந்த எண் அடங்காது, சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். 64 பிட்டிலும் கவனம் தேவை. இடையில் மீதி 2³² ஆக வந்தால் அதன் வர்க்கம் 2⁶⁴. குறியற்ற 64 பிட் மாறியில் அது 0 ஆகிவிடும்.