பிளேஸ்மென்ட் செல் நன்றாக இருந்தால் மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடாமல் இருப்பார்களா?

"பிளேஸ்மென்ட் செல் கடைசி வருஷத்துக்குத்தானே, அதற்கும் பையன்கள் பாதியில் நின்றுபோவதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஆனால் கல்லூரியில் மாணவர்களுக்கு வேலை தேடித் தருகிற அந்த செல் எந்த செமஸ்டரில் கண் விழிக்கிறது என்பதைப் பொறுத்தது.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் ஆசிரியராக இருக்கிறேன். 7 வருஷம் எங்கள் துறையின் பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பு வேலையும் என் தலையில்தான் இருந்தது (அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, அதை விடுங்கள்). பல கல்லூரிகளில் நடப்பது என்னவென்றால், ஆறாவது செமஸ்டர் முடிகிற நேரத்தில் வெளியிலிருந்து யாராவது வந்து ஆப்டிட்யூட் வகுப்பு எடுப்பார்கள், செமினார் ஹாலில் 200 பேர் உட்கார்ந்திருப்பார்கள், பின் வரிசை தூங்கும். ஏழாவது செமஸ்டரில் கம்பெனி நோட்டீஸ் வரும். பத்தாவது முதல் எல்லாவற்றிலும் 60 சதவீதம், ஸ்டேண்டிங் அரியர், அதாவது இன்னும் பாஸாகாத பாடம், கூடாது. முதல் செமஸ்டரில் எம் ஒன் என்கிற கணக்குப் பாடத்தில் தோற்றுப்போனவன், மூணு வருஷமாக அதை அப்புறம் பார்த்துக்கலாம் என்று வைத்திருந்தவன், தன்னால் அந்த ஹாலுக்குள் உட்காரவே முடியாது என்று தெரிந்துகொள்வது அன்றைக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்று உண்டு. ஒரு அரியர் விழுந்தவுடனேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிற கூட்டம். பாதியில் நிற்பவர்களில் நான் பார்த்த பலர் இந்த வகைதான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். திருச்செங்கோடு பக்கம், அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். இந்த ஊர் போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் செமஸ்டர் லீவில் அப்பாவோடு மத்தியப் பிரதேசத்துக்கு ஹெல்ப்பராகப் போனவன், இரண்டாவது செமஸ்டர் ஆரம்பித்து மூணு வாரம் ஆகியும் வரவில்லை. போன் போட்டால் அப்பாதான் எடுத்தார். "நாலு வருசம் படிச்சுட்டு வந்தும் பன்னெண்டாயிரத்துக்குத்தானுங்க போறானுங்க. வண்டிக்கு வந்தா சோறு போக மாசம் 18,000 கையில நிக்குதுங்க சார்" என்றார். கணக்கு சரிதான், என்ன பதில் சொல்ல முடியும்? பையனிடம் கொடுக்கச் சொன்னேன். அவன் வேறு காரணம் சொன்னான். "எம் ஒன்னு, ஃபிசிக்ஸ் ரெண்டும் போச்சுங்க சார். இனி எந்தக் கம்பெனி என்னைய எடுக்கும்?"

ஸ்டேண்டிங் அரியர் வேறு, ஹிஸ்டரி ஆஃப் அரியர் வேறு என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு பாடத்தில் தோற்று பிறகு எழுதிப் பாஸாகிவிட்டால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. வீட்டில் முதல் பட்டதாரி, இதைச் சொல்ல அண்ணனோ மாமாவோ கிடையாது. கல்லூரியில் இதைச் சொல்ல வேண்டிய ஆள் பிளேஸ்மென்ட் ஆபீசர், அவர் முதல் வருஷப் பிளாக் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நானும் அதுவரை பார்த்ததில்லை.

நான் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. அவன் ஊர்க்காரன், எங்கள் பழைய மாணவன் ஒருவன், அவனும் முதல் வருஷம் ரெண்டு அரியர் வைத்தவன், அப்போது கோவையில் கம்ப்ரசர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். அவனைப் பேசச் சொன்னேன். என்ன பேசினார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பையன் வகுப்பில் இருந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. போன வருஷத்துக் கம்பெனி நோட்டீஸ்களை அப்படியே முதல் வருஷ ஹாஸ்டல் போர்டில் ஒட்டினோம். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரமே அரியர் லிஸ்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, எந்த வாய்ப்பு இன்னும் திறந்திருக்கிறது, எது எப்போது மூடும் என்று சொன்னோம். கணக்கு மேடம் சாயங்காலம் ஒரு மணி நேரம் எம் ஒன் எடுத்தார். வேலை என்ற ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் எம் ஒன்னுக்கு ஒரு அர்த்தம் வருகிறது, வேறென்ன.

சரி, வேலைக்குத் தயாராவது. அதே பையன் மூணாம் வருஷம் ஒத்திகைக்காக நாங்கள் நடத்தும் மாக் இன்டர்வியூவுக்கு வந்து, மனப்பாடம் செய்த "மைசெல்ஃப்" ஆங்கிலத்தில் ஒப்பித்து நடுவில் நின்றுபோனான். ரெஸ்யூமில் பொழுதுபோக்கு "பாட்டுக் கேட்பது". ரிக்கில் வேலை பார்த்ததை எழுதவே இல்லை, வெட்கமாம். "தமிழ்லயே சொல்லு, கம்ப்ரசர் பிரஷர் திடீர்னு இறங்குனா முதல்ல என்ன பார்ப்ப?" என்றேன். ஹோஸ் லீக், ஏர் ஃபில்டர் அடைப்பு, வால்வு என்று பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினான். அதை எட்டு ஆங்கில வாக்கியமாக இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அவனுடைய இன்டர்வியூ தயாரிப்பு மொத்தமும் அந்த எட்டு வாக்கியம்தான். கடையில் காசு கொடுத்து வாங்கிய பிராஜெக்டைப் பற்றிப் பேசுகிறவனையும் இவனையும் கேள்வி கேட்பவர் ஒரே நிமிஷத்தில் பிரித்துவிடுவார். கோவையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் ரிக்கில் வாங்கியதைவிடக் குறைவு. இதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் கல்லூரி விளம்பரமாகிவிடும்.

2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு திறன் பயிற்சிகள் பாட நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டன, நல்லதுதான், ஆனால் வருகைப் பதிவுக் கையெழுத்துக்காக உட்காருபவர்களும் இருக்கிறார்கள். கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கிற நாக் அங்கீகாரத்தின் ஏழு அளவுகோல் முறையில், ஐந்தாவதில் மாணவர் ஆதரவும் வேலைவாய்ப்பும் ஒன்றாகத்தான் இருந்தன, நடைமுறையில் அது ஒரு ஃபைல், போட்டோவோடு. அரசின் அப்ரென்டிஸ் பயிற்சியைப் பற்றி யாருமே சொல்வதில்லை. 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று வைத்தார்கள், சென்னை தரமணியில் இருக்கிற தென்மண்டல அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம்தான் இதைப் பார்க்கிறது. கேம்பஸில் கிடைக்காதவனுக்கு அந்த ஒரு வருஷ அனுபவம் பெரிய விஷயம்.

எல்லாரையும் இப்படி நிறுத்திவிட முடியாது. ஃபீஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட் கிடைக்காமல் நின்றுபோன ஒருவனுக்கு நான் எந்தக் கம்பெனி நோட்டீஸைக் காட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறான்.

உங்கள் தம்பிக்குக் கல்லூரி பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிளெக்ஸில் இருக்கிற "100% பிளேஸ்மென்ட்" பெரும்பாலும் தகுதி பெற்றவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் நாலாவது வருஷம் வகுப்பில் இருந்தார்கள் என்று கேளுங்கள். அலுவலகத்தில் சொல்லமாட்டார்கள். கேன்டீனில் ரெண்டாம் வருஷப் பையன் ஒருவனைப் பிடித்து, பிளேஸ்மென்ட் ஆபீசர் ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் கை காட்டுகிறானா என்று.