பாயிண்டை மாற்றலாமா?

கேள்வி: என் பழைய சின்ன காரில் தீப்பொறிக்கு இன்னும் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), கண்டன்ஸர்தான். அதிகச் செலவில்லாமல் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற முடியுமா?

பதில்: முடியும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாக மாற்ற வேண்டாம். பாயிண்ட் இருந்த இடத்திலேயே உட்காரும் சின்ன எலக்ட்ரானிக் மாட்யூல் போதும். நானும் அதைத்தான் போட்டேன். ஆனால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷைக் கவனிக்காமல் மேலே போகாதீர்கள். அப்புறம் இக்னிஷன் காயிலின் பிரைமரி (முதல் சுற்று) மின்தடையை மீட்டரில் அளந்து, மாட்யூல் கேட்கும் ஓம் அளவோடு ஒப்பிடுங்கள். 3 ஓம் கேட்கும் மாட்யூலில் 1.5 ஓம் காயிலை பாலாஸ்ட் (கூடுதல் மின்தடை) இல்லாமல் மாட்டினால் மாட்யூல் கருகிவிடும். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விடவே கூடாது. பாட்டு கேட்க அப்படி விட்டு ஒரு மாட்யூலை இழந்தவன் நான். மாட்டியதும் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, சரிபாருங்கள். கழற்றிய பாயிண்ட் செட், மாட்யூல் வழியில் கைவிட்டால் உதவ, காரிலேயே இருக்கட்டும்.