ஏஐ ஏஜென்டுகளுக்கான இன்வொய்ஸ் மென்பொருளுக்கு டொகியுமென்டேஷன் எழுதுவது ஒரு வேலையா? வாசிக்கப்போவதே மெஷின்தானே?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், இப்படியொரு வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது, யாரோ "கோட் எழுதத் தெரியாதவனுக்குக் கொடுக்கிற வேலை" என்று சொல்லிவிட்டார்கள் போல. எனக்கும் சொன்னார்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். முன்பு கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குக் கணக்கெழுதினேன். இப்போது வெளிநாட்டில் உள்ள ஒரு சின்னக் கொம்பனியின் மென்பொருளுக்கு வீட்டிலிருந்தே டொகியுமென்டேஷன், அதாவது எப்படிப் பாவிப்பது என்ற விளக்கம், எழுதுகிறேன். ஏஜென்ட், அதாவது நாம் சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ, சொன்னால் அந்த மென்பொருள் இன்வொய்ஸ் தயாரித்து வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும். ஏஐ கொம்பனியான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி முறையில், அதாவது ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் பொது முறையில், கட்டியது. அந்த முறையில் ஒவ்வொரு டூலுக்கும், அதாவது ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும், ஒரு பெயரும் ஒரு விளக்கமும் இருக்கும். எந்த டூலை எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்டின் மூளையான மாடல் முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த விளக்கத்தைப் பார்த்துத்தான்.

என்னிடம் வந்தபோது விளக்கத்தில் இருந்தது ஒரே வரி: "இன்வொய்ஸை அனுப்பும்." எழுதிய தம்பி கெட்டிக்காரன், டொரன்டோவில் இருக்கிறார். "அண்ணை, உது மாடலுக்கு விளங்கும், விடுங்கோ" என்றார். "விளங்கும் தம்பி. ஆனா உம்மட மனசில இருக்கிறது அதுக்கு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டேன். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று சுன்னாகத்தில் ஒரு அச்சகம் இருப்பதாக வைத்து, அதன் வாடிக்கையாளருக்கு ஒரு இன்வொய்ஸ் போடச் சொன்னோம். வரைவைக் காட்டும் என்று பார்த்தால் நேரே அனுப்பியே விட்டது. சேர்வர் பதில் தரப் பிந்தியது. டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேரம் முடிந்தது, என்றதும் மறுபடியும் அனுப்பியது. சோதனை இன்பொக்ஸைத் திறந்தால் ஒரே வேலைக்கு இரண்டு இன்வொய்ஸ், இலக்கம் மட்டும் வேறு. அது என்ன தலையிடி என்று கணக்கெழுதினவனுக்குத்தான் தெரியும், ஒன்றைக் கிறெடிட் நோட் போட்டு ரத்துச் செய்ய வேண்டும். கடைக்குப் புதிதாக வந்த பெடியன்கூட "அண்ணை, இப்பவே அனுப்பவோ?" என்று ஒருக்கால் கேட்பான்.

இன்னொரு கூத்து வற் எனும் பெறுமதி சேர் வரி. இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் என்பது மாடலுக்குத் தெரியும், கேளாமலே சேர்த்துவிட்டது. வற்றுக்குப் பதியாத கடை அதை அறவிடவே கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு நான் எழுதிய விளக்கம் இப்படி: "இதை அழைத்தால் மின்னஞ்சல் உடனே போகும், திருப்பி எடுக்க முடியாது. வரைவு மட்டும் வேண்டுமென்றால் இதை அழைக்காதே. டைம்அவுட் வந்தால், மறுபடி அனுப்புமுன் அந்த இன்வொய்ஸின் நிலையைப் பார். முகவரி இல்லையென்றால் ஊகிக்காதே, பயனரிடம் கேள். வரி வீதத்தைப் பயனர் தராவிட்டால் சேர்க்காதே." தொகையைச் சதத்தில் தர வேண்டும் என்பதையும் போட்டேன், இல்லாவிட்டால் 15,000 ரூபாய் பில் 150 ரூபாயாகப் போய் நிற்கும். மின்னஞ்சல் சேர்வர் 250 என்று பதில் சொன்னால் கடிதத்தை ஏற்றுக்கொண்டது என்றுதான் பொருள், வாடிக்கையாளர் பார்த்துவிட்டார் என்றல்ல. அதையும் எழுதாவிட்டால் ஏஜென்ட் "அவருக்குக் கிடைத்துவிட்டது" என்று முதலாளிக்குச் சத்தியம் செய்யும். உதாரணங்களில் எக்ஸாம்பிள் டொட் கொம் முகவரிதான் போட வேண்டும், 1999 முதல் அந்தப் பெயர் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாடல் உதாரணத்தை அப்படியே பிரதி பண்ணினாலும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பில் போகாது.

"எல்லாவற்றையும் எழுத்தால் தடுக்கலாமோ?" என்று கோடர்மார் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு தரம் அனுப்பாமல் இருக்கிற பூட்டு கோடில்தான் இருக்க வேண்டும். தம்பியும் அதைப் பிறகு போட்டார், ஒவ்வொரு கோரிக்கைக்கும் சாவி என்று ஒரு தனி அடையாளக் குறி, அதே சாவி மறுபடி வந்தால் புதிதாக அனுப்பாமல் பழைய பதில். ஆனால் அந்தச் சாவியை எப்போது புதிதாக்குவது, எப்போது அதையே பாவிப்பது என்பதை மாடலுக்குச் சொல்ல மறுபடி என்னிடம்தானே வந்தார்?

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். இன்வொய்ஸைத் தானாக அனுப்பும் மென்பொருளுக்கு எழுதுகிற எனக்குச் சம்பளம் வரும்போதெல்லாம், என் வங்கியில் அந்தச் சம்பளத்துக்கு நான் போட்ட இன்வொய்ஸைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வைத்து, வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். போன தடவை கொடுத்த அதே படிவம், அதே கேள்வி, "இது என்ன காசு?" மின்னஞ்சலில் அனுப்பினால் பார்க்க மாட்டார்களாம்.

சரி, வேலையை எடுங்கள். ஆனால் சொல்லுக்கு இவ்வளவு என்று மட்டும் சம்பளம் பேசாதீர்கள். டூல் விளக்கம் மாடலின் கொன்டெக்ஸ்டில், அதாவது அது ஒரு தடவையில் வாசிக்கக்கூடிய அளவில், இடம் பிடிக்கும், நீண்டால் செலவு. வெட்டுவதுதான் பாதி வேலை, வெட்டின சொல்லுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.