மாமனுக்குக் கருவிழி நோய் இருக்கிறது, அவரையே கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கும் வருமா?

வரலாம். எந்த வகை நோய், அதற்கான மரபணுப் பிழையை நீங்களும் சுமக்கிறீர்களா என்ற இரண்டும்தான் அதை முடிவு செய்யும். உங்கள் மாமன் இடத்தில் இருந்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

சேலம் அம்மாபேட்டையில் எங்களுடையது தறி வீடு. அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். எனக்குப் பத்து வயதிலேயே வெயிலில் கண் கூசும், தண்ணீர் கொட்டும். சூடு என்று உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். பதினாறு வயதில் வெண்பட்டுப் பாவில் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கல்லூரியில் ஏற்காடு போனபோது, பனி விலகிவிட்டது, ஏரி நன்றாகத் தெரிகிறது என்றார்கள் நண்பர்கள். எனக்கு விலகவே இல்லை. அடுத்த வாரம் கண் மருத்துவமனைக்குப் போனேன்.

மாகுலர் கார்னியல் டிஸ்ட்ரோபி என்றார்கள், பரம்பரையாக வரும் ஒரு கருவிழி நோய். விழித்திரையில் வரும் மாகுலா நோய் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலம். அரை மில்லிமீட்டர் கனம்தான், ரத்தக்குழாயே கிடையாது. சிஎச்எஸ்டி6 என்ற மரபணுவில் பிழை இருந்தால் அதில் வேண்டாத பொருள் படிந்து வெளுத்துப்போகிறது. அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று என இரண்டு பிரதியிலும் பிழை சேர்ந்தால்தான் நோய். ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்குக் கண் நன்றாகவே இருக்கும். அதனால்தான் சொந்தத்தில் கட்டும்போது பயம்.

எனக்கு அக்கா மகளைப் பேசினார்கள். டாக்டர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அக்காவுக்குக் கண் நன்றாக இருந்தாலும் பிழையைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அக்கா வீட்டுக்காரர் அசல், சொந்தம் இல்லை என்பதால் மகளுக்கு மூன்றில் ஒன்று. அவள் சுமந்தால், எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அம்மா அங்கேயே அழுதுவிட்டார், தன்னால்தான் எனக்கு வந்தது என்று. அது யார் செய்த தப்பும் இல்லை. உங்கள் வீட்டிலும் யாரும் பாட்டியைப் பழி சொல்ல விடாதீர்கள்.

நான் வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் மாமனின் நோய் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். லேட்டிஸ், கிரானுலர் என்ற வேறு வகைகள் என்றால் ஒரு பிரதியில் பிழை இருந்தாலே வரும். சொந்தமோ அசலோ, அவர் பிள்ளைகளுக்குப் பாதி வாய்ப்பு. மாகுலர் என்றால் அவருக்கும் உங்களுக்கும் மரபணுப் பரிசோதனை செய்து பாருங்கள். அவரிடம் உள்ள பிழை உங்களுக்கு இல்லை, அந்த மரபணுவில் வேறு பிழையும் இல்லை என்று வந்தால் இந்த பயம் பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம், மாமனின் கண்ணையும் பாருங்கள். எனக்கு வலது கண்ணில் மாற்றுக் கருவிழி வைத்திருக்கிறார்கள், யாரோ இறந்த 6 மணி நேரத்துக்குள் அவர் வீட்டார் தானம் கொடுத்தது. சொட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கண் சிவந்தாலோ வலித்தாலோ மங்கினாலோ அன்றைக்கே ஓட வேண்டும்.

முடிவு எதுவானாலும் மாமனிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அக்கா மகளிடம் நானே உட்கார்ந்து பேசினேன். அவள் கல்யாணத்துக்கு மாமன் சீர் நான்தான் எடுத்துப் போனேன்.